எதை இழந்து எதைக் காப்பது: துருவேறி இறுகிய சைலன்சரைக் கழற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

உறுப்புகள் நல்ல நிலையில் இருந்தால், 100 சிசி மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்றுவது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்டட்டுகளின் (தலையில்லாமல் இரு முனையிலும் மரையுள்ள தண்டுகள்) நட்டுகளைக் கழற்றி, பின்புறத் தாங்கியில் உள்ள ஒரு போல்ட்டை உருவிவிட்டால், ஹெட்டிலிருந்து புகையைக் கொண்டுவரும் வளைந்த பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும். காரைக்குடியில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு மீன் வியாபாரியின் வண்டியில் இந்த மூன்று இடங்களும் அசையாமல் இறுகிக் கிடந்தன. ஹெட்டில் இருந்த வலப்பக்க நட்டின் ஆறு பட்டைகளும் எங்களிடம் வருவதற்கு முன்பே பொருந்தாத ஸ்பேனரால் மழுங்கடிக்கப்பட்டிருந்தன. அந்த உறுப்புகள் ஏன் இறுகின, எந்த வரிசையில் அவற்றைக் கழற்றினோம், அந்த வரிசையை ஏன் தேர்ந்தோம் என்பவற்றை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். இந்த வட்டாரத்தில் இதே நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் பல. அவற்றில் ஹெட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் சைலன்சரை மாற்ற முடியும் என்பதைப் பட்டறை வைத்திருப்பவர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் அறிய வேண்டும் என்பதே என் நோக்கம்.

வண்டி வந்த நிலை

வண்டிக்காரர் விடியுமுன் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குச் சென்று மீன் எடுத்து, திரும்பும் வழியிலும் காரைக்குடியின் தெருக்களிலும் விற்பவர். பின்னிருக்கைக்கு மேல் கட்டிய பெட்டியில் ஐஸ் போட்டு மீன் வரும். ஐஸ் உருகிய உப்பு நீர் பெட்டியின் வலது மூலையில் இருந்த துளை வழியாகச் சொட்டும். அந்தத் துளைக்கு நேர் கீழே இருந்தது சைலன்சரின் பின் தாங்கி.

அவர் கேட்டது சிறிய வேலைதான். "அண்ணே, அடியில ஓட்டை விழுந்திருக்கு, அதை மட்டும் வெல்டிங் வச்சு அடைச்சுக் குடுங்க, போதும்" என்றார். ஓட்டையின் விளிம்பை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். கையகலத்துக்குத் தகடு உதிர்ந்தது. வெல்டிங் பிடிக்க வேண்டுமானால் பிடிப்பதற்கு உலோகம் மீதம் இருக்க வேண்டும். இங்கே அது இல்லை. புதிய சைலன்சர்தான் வழி என்று சொன்னபோது, முன்பு ஓரிடத்தில் கழற்ற முயன்று, "நட்டு உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லி விட்டுவிட்டார்கள் என்ற செய்தியும் வெளிவந்தது. பட்டை மழுங்கிய நட்டுக்கு விளக்கம் அப்போது கிடைத்தது.

ஏன் இறுகியது

சைலன்சர் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அரிக்கப்பட்டிருந்தது. 1 லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடிச் சைலன்சர் முழுவதும் சூடேறினால் அந்த நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். தெருவுக்குத் தெரு நிறுத்தி, அணைத்து, மீண்டும் கிளப்பும் ஓட்டத்தில் அது பின்பகுதியில் நீராகத் தங்கி, அடித் தகட்டை உள்ளிருந்து தின்னும். தொண்டியிலிருந்து வரும் நீண்ட ஓட்டம் சைலன்சரை உலர்த்தியிருக்கும்; அதன் பிறகு வரும் தெரு வியாபாரம் அதை மறுபடி நனைத்திருக்கும். வெளிப்புறத்தை ஐஸ் நீரின் உப்பு பார்த்துக்கொண்டது.

ஹெட்டில் நடந்தது வேறு வகையானது. அதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே ஒரு எஃகு ஸ்டட்டில் இரண்டு பிடிப்புகள் உள்ளன. ஒரு முனையில் எஃகு நட்டு. அங்கே பிடிப்பது துரு. துரு, தான் உருவாகக் காரணமான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், மரைக்குள் இருக்கும் சிறு இடைவெளியை நிரப்பி நெருக்கும். மறு முனை அலுமினிய ஹெட்டுக்குள் இருக்கிறது. எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அது ஒரு சிறிய மின்கலமாகவே செயல்படும். அதில் கரைவது அலுமினியம். சாதாரண நிலையில் அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உப்பில் உள்ள குளோரைடு துளைத்துவிடுவதால், மரையின் உள்ளே வெண்பொடி சேர்ந்து ஸ்டட்டை இறுக்கும். வெளியில் பார்க்கும்போது எல்லாம் செந்துருவாகவே தெரியும். உள்ளே பிடித்திருப்பது வெள்ளைப் பொடி.

இந்த அறிவு நம் ஊருக்கு அந்நியமானதன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிமானம் அதன் முதன்மையான ஆய்வுத் துறைகளில் ஒன்று. கடற்காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று பார்ப்பதற்காக மண்டபத்தில் அதற்கு ஓர் ஆய்வு மையமும் உண்டு. நாடு முழுவதற்கும் துருவைப் பற்றிச் சொல்லித் தரும் ஊரில், பட்டறைகள் துருவேறிய நட்டை வெறும் பலத்தால் எதிர்கொள்வது எனக்கு நெடுநாளாக வருத்தம் தருவது.

பலத்தின் எல்லை

ஹெட்டில் இருப்பவை 6 மில்லிமீட்டர் ஸ்டட்டுகள். அவற்றின் நட்டுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர். இந்த அளவுள்ள, 8.8 என்ற வலிமைத் தரம் கொண்ட எஃகு மரையை வழக்கமாக இறுக்கும் முறுக்கு விசை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். அதே அளவுள்ள புதிய போல்ட் முறிந்துபோகாமல் தாங்க வேண்டிய குறைந்தபட்ச முறுக்கு விசை என்று தர விதி குறிப்பதோ 13 நியூட்டன் மீட்டர்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 9 கிலோ அளவுக்கு இழுத்தால் 13 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். வளர்ந்த ஆளின் கைக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஸ்பேனருக்குப் பைப்பைச் செருகி நீட்டுகிறவர் நட்டைக் கழற்றவில்லை, ஸ்டட்டை முறிக்கிறார்.

துரு ஸ்டட்டை மெலிய வைத்திருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. மரையின் அடியில் 4.8 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய தண்டு 4 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால், 13 என்பது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது, நட்டை இறுக்கும் அளவுக்குக்கூட அந்தத் தண்டு தாங்காது.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன் எதை இழக்கலாம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. பழைய சைலன்சர் காயலான் கடைக்குப் போகப்போவது. அதன் மதிப்பு பூச்சியத்துக்கு அருகில். நட்டு சில ரூபாய். ஸ்டட் அதைவிடச் சற்று அதிகம். ஹெட் கெட்டால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். செலவு பல ஆயிரத்துக்குச் செல்லும். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்த மனிதருக்கு வியாபாரம் இல்லை. எனவே சைலன்சரை அறுத்து நட்டைக் காப்பது, நட்டை அழித்து ஸ்டட்டைக் காப்பது, ஸ்டட்டை இழந்தேனும் ஹெட்டைக் காப்பது என்று வரிசையை வகுத்துக்கொண்டோம்.

கழற்றிய முறை

முந்தைய மாலையே ஆயத்தம் தொடங்கியது. நீட்டிக்கொண்டிருந்த மரைகளைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். துருப் படலத்தின் மேல் ஊற்றும் எண்ணெய் வழிந்தோடுமே தவிர உள்ளே இறங்காது. பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து, பிரிந்துவிடாமல் ஒவ்வொரு முறையும் குலுக்கி, சொட்டுச் சொட்டாக நட்டின் இரு பக்கமும் விட்டோம். டீசல் விடுவது இங்கே வழக்கம். அதுவும் வேலை செய்யும், நேரம் மட்டும் கூடுதலாக எடுக்கும். எண்ணெய் விட்ட பின், ஸ்டட்டின் நுனியில் சிறிய சுத்தியலால் நேராக, லேசாகத் தட்டினோம். பக்கவாட்டில் தட்டினால் மெலிந்த தண்டு வளையும். நேராகத் தட்டும் அதிர்வுதான் துருவில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கி எண்ணெய்க்கு வழி விடுகிறது.

காலையில் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தொலைவில் வைத்தோம். தீப்பொறியும் நெருப்பும் வரப்போகும் வேலையில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு பெண்ட் பைப்பை ஹெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஹேக்சாவால் அறுத்துவிட்டோம். வண்டிக்காரர் சற்றுத் திகைத்தார். ஆனால் இந்த ஓர் அறுப்பு வேலையின் தன்மையையே மாற்றிவிடுகிறது. சைலன்சரின் எடை ஸ்டட்டுகளை வளைத்து இழுப்பது நின்றுவிடும். வளைந்த பைப் மறைத்துக்கொண்டிருந்த நட்டுகளில் ஆறு பட்டை சாக்கெட்டை நேராக மாட்ட இடம் கிடைக்கும். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளில் மட்டுமே அழுத்துவதால், துருத் தின்ற நட்டை அது மழுங்கடித்துவிடும். இத்தகைய இடத்தில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

இடப்பக்க நட்டின் முகத்திலும் ஸ்டட்டின் நுனியிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தோம். ஸ்பேனரைத் திருப்பும்போது நட்டின் கோடு மட்டும் நகர்ந்தால் நட்டு கழல்கிறது. இரண்டும் சேர்ந்து நகர்ந்து, கையைத் தளர்த்தியதும் பின்னோக்கி வந்தால், ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து நகர்ந்து அப்படியே நின்றால், ஸ்டட்டே ஹெட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதில் தவறில்லை, வரவிடலாம். இந்தக் கோட்டை இழுக்க நொடி நேரம் போதும், ஆனால் கை உணர்வு சொல்லாததை அது கண்ணுக்குக் காட்டிவிடும். முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அழுத்தி, பின் கழற்றும் திசையில் திருப்பினோம். கிறீச்சென்று ஓர் ஒலியுடன் நட்டின் கோடு மட்டும் நகர்ந்தது. அதன்பின் கால் சுற்று வெளியே, சிறிது உள்ளே, எண்ணெய், மீண்டும் கால் சுற்று என்று பொறுமையாகக் கொண்டுவந்தோம். ஒரே மூச்சில் கழற்றினால், தளர்ந்த துருத்தூள் அடுத்த மரைகளில் அடைத்து நட்டு பாதியில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

மழுங்கிய வலப்பக்க நட்டுக்கு ஸ்பேனர் இல்லை. 9 மில்லிமீட்டர் சாக்கெட்டை அடித்து ஏற்றித் திருப்புவது பலர் செய்யும் வழி. அதில் முழு முறுக்கும் ஸ்டட்டின் மேல்தான் போகும். வகுத்த வரிசைப்படி இங்கே அழிய வேண்டியது நட்டு. சிறிய கிரைண்டரின் மெல்லிய வட்டால் நட்டின் ஒரு பட்டையில், ஸ்டட்டுக்கு இணையாக, மரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர்வரை வெட்டி, அந்த வெட்டில் உளியை வைத்துத் தட்டினோம். நட்டு பிளந்து விரிந்தது. ஸ்டட்டின் மேல் முறுக்கு ஏதும் விழவில்லை.

பைப்பை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் தகடான பிளேஞ்சை உருவிய பிறகுதான் உண்மை நிலை தெரிந்தது. பிளேஞ்சுக்குள் மறைந்திருந்த பகுதியில் வலப்பக்க ஸ்டட்டின் தண்டு 4 மில்லிமீட்டராக மெலிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு புதிய சைலன்சரை மாட்டுவது சரியன்று. எடுத்தே ஆக வேண்டும். ஹெட்டின் அந்தப் பகுதியை நெருப்பை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றினோம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், இந்தச் சூட்டில் 6 மில்லிமீட்டர் துளைக்கும் ஸ்டட்டுக்கும் இடையே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி கூடுகிறது. அவ்வளவு போதும். மெழுகுவர்த்தியின் நுனியை ஸ்டட்டின் அடியில் தொட்டால், உருகிய மெழுகை அந்த இடைவெளி தானே உள்ளிழுத்துக்கொள்ளும். சூட்டை எல்லை மீறவும் விடக் கூடாது. அலுமினியம் உருகுவதற்கு முன் இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காது. இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டித் திருப்பியபோது, கணக்கு சொன்னபடியே, மெலிந்த இடத்தில் ஸ்டட் அறுந்தது. ஹெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் அளவு முனை மிஞ்சியது.

இந்த இடத்தில் பெரும்பாலான பட்டறைகள், முறிந்த ஸ்டட்டைத் துளைக்குள் செருகித் திருப்பி எடுக்கும் ஈஸி அவுட் என்ற கருவியை எடுக்கும். 6 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு அதை நான் ஏற்கவில்லை. ஸ்டட்டின் நடுவே 3 மில்லிமீட்டர் துளை போட்டு, அதற்குள் நுழையும் மெல்லிய கருவியால், முழு ஸ்டட்டே தாங்காத முறுக்கைக் கொடுக்கப் பார்க்கிறோம். கூம்பு வடிவில் இருப்பதால் அது ஸ்டட்டை வெளிப்புறமாக விரித்து இன்னும் இறுக்கவும் செய்யும். உள்ளே முறிந்துவிட்டால், கடினமாக்கப்பட்ட அந்த எஃகைச் சாதாரண டிரில் பிட் தொடாது. மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள டூல் ரூமைத் தேடி ஹெட்டைக் கழற்றிக்கொண்டு கோயம்புத்தூர்வரை போக நேரிடும்.

நாங்கள் எடுத்தது வெல்டிங் வழி. பேட்டரியையும், பிளக்கின் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சிடிஐயின் இணைப்பையும் கழற்றி, எர்த் கவ்வியை ஹெட்டுக்கு மிக அருகிலேயே மாட்டினோம். தொலைவில் மாட்டினால் மின்னோட்டம் கிராங்க் பேரிங்குகள் வழியாகப் போய் அவற்றைக் கெடுக்கும். எஞ்சிய முனையின் மேல் ஒரு வாஷரை வைத்து அதை முனையோடு பற்றவைத்து, அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் 2.5 மில்லிமீட்டர் ராடால் நிரப்பினோம். எஃகு ராடின் உருகல் அலுமினியத்தோடு ஒட்டாது. தெறித்தவற்றைப் பின்னர் நகத்தாலேயே எடுத்துவிடலாம். வெல்டிங்கின் பெரிய உதவி, பிடிமானம் கிடைப்பது மட்டுமன்று. சிவக்கும் அளவுக்குச் சூடேறிய ஸ்டட் விரிந்து, பிடித்திருக்கும் பொடியை நசுக்கி, ஆறும்போது சுருங்கித் தளர்கிறது. சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, மெழுகு தொட்டு, இரு பக்கமும் அசைத்து அசைத்துத் திருப்பினோம். பற்று ஓரிடத்தில் விட்டது, மறுபடி பற்றவைத்தோம். அதன்பின் ஸ்டட் முழுதாக வெளியே வந்தது. அதன் மரை முழுவதும் வெண்பொடி படிந்திருந்தது. இடப்பக்க ஸ்டட்டும் அதே வயதினது என்பதால், சூடேற்றி, இரட்டை நட்டுப் பூட்டால் அதையும் எடுத்தோம். அது சிரமம் தராமல் வந்தது.

மரையைச் சீர்செய்தல்

வலப்பக்கத் துளையில் வாயருகே இருந்த மரைகளை அரிமானம் தின்றிருந்தது. மரை வெட்டும் கருவியான டேப்பால் சுத்தம் செய்து ஒரு போல்ட்டை விட்டபோது அது ஆடியது. சற்றுப் பெரிய ஸ்டட்டைப் போட்டு ஒப்பேற்றுவது எளிது. ஆனால் பிளேஞ்சின் துளையையும் பெரிதாக்க வேண்டிவரும், அடுத்த முறை வேலை செய்பவருக்கு இரு பக்கமும் இரு அளவு என்ற குழப்பமும் சேரும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, உள்ளே பழைய அளவிலேயே புதிய மரையாக அமையும் கம்பிச் சுருளைப் பொருத்துவதையே தேர்ந்தோம். 6.3 மில்லிமீட்டர் துளை, அதற்குரிய தனி டேப், 9 மில்லிமீட்டர் நீளமுள்ள சுருள். துளை சாய்ந்துவிட்டால் எல்லாம் வீண் என்பதால், லேத்தில் ஒரு தடித்த இரும்புப் பட்டையில் அதே இடைவெளியில் இரு துளைகள் போட்டு வாங்கி, ஒரு துளையை இடப்பக்கத்தில் போல்ட்டால் பூட்டி, மற்றதை டிரில்லுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம். பிஸ்டனை அழுத்த நிலையின் உச்சிக்குக் கொண்டுவந்து வால்வுகளை மூடி, புகை வாயைக் கிரீஸ் தடவிய துணியால் அடைத்தோம். அலுமினியச் சீவல் ஒன்று உள்ளே போனாலும் வால்வின் இருக்கை கெடும். டேப்புக்கு மண்ணெண்ணெய் விட்டோம். அலுமினியத்துக்கு அதைவிட நல்லது தேவையில்லை.

பின் தாங்கியின் போல்ட்டில் யோசிக்க அதிகம் இல்லை. அது ரப்பர் புஷ்ஷின் நடுவே உள்ள இரும்புக் குழாயில் பிடித்திருந்தது; ரப்பர் இருப்பதால் நெருப்பு ஆகாது. சைலன்சரின் தாங்கித் தகட்டை வெட்டி அகற்றி, போல்ட்டை இரு பக்கமும் ஹேக்சா பிளேடால் அறுத்து, புஷ்ஷோடு சேர்த்து வெளியே தள்ளிப் புதியதைப் போட்டோம்.

மறுபடி மாட்டியது

புதிய எஃகு ஸ்டட்டுகளுக்கு உயரம் கூடிய பித்தளை நட்டுகளைப் போட்டோம். பித்தளை துருவோடு எஃகைப் பிடிக்காது. இறுகிப்போனாலும் ஸ்டட்டுக்கு முன் நட்டுதான் விட்டுக்கொடுக்கும். ஹெட்டுக்குள் போகும் முனைக்கு நிக்கல் கலந்த பசையைத் தடவினோம். செம்பு கலந்த பசை கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் உப்பு நீர் படும் இடத்தில் அலுமினியத்தை ஒட்டிச் செம்பை வைப்பது அரிமானத்துக்கு உணவு போடுவதாகும். நட்டுப் பக்கத்துக்குச் செம்புப் பசை போதும். பசை உராய்வைக் குறைப்பதால், 10 நியூட்டன் மீட்டர் என்ற அளவை 8 ஆகக் குறைத்து டார்க் ரெஞ்சால் இறுக்கினோம்.

பின் போல்ட்டைத் தளர்வாக மாட்டி, புகை கசியாமல் அடைக்கும் வளையமான புதிய கேஸ்கெட்டில் பைப் நேராக அமர்ந்ததைப் பார்த்து, ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியாகத்தான் பின் போல்ட்டை இறுக்கினோம். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் பைப்பின் வலிந்த இழுப்பு முழுவதையும் 6 மில்லிமீட்டர் ஸ்டட்டுகள் சுமக்கும். இன்ஜினைச் சூடேற்றி முழுவதும் ஆறவிட்டு மீண்டும் ஒருமுறை பார்த்தபோது, கேஸ்கெட் அமர்ந்ததால் நட்டுகள் சற்று இடம் கொடுத்தன.

சொட்டும் பெட்டியை அப்படியே விட்டால் இத்தனையும் மறுபடி வரும். பெட்டியின் துளைக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, பின் சக்கரத்துக்குப் பின்னால் தரையை நோக்கி விட்டோம். வியாபாரம் முடிந்து வண்டி ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் அலசும்படியும், சைலன்சரின் அடியில் உள்ள சிறிய வடிதுளையைச் சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னேன். "சூடா இருக்கும்போது கழுவலாமாண்ணே?" என்று கேட்டார். கூடாது, சூடான உலோகத்தின் மேல் விழும் நீர் உடனே ஆவியாகி, தன்னிடம் இருந்த உப்பை அங்கேயே விட்டுச்செல்லும் என்று விளக்கினேன்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆயில் மாற்ற வண்டி வந்தபோது ஹெட் நட்டுகளைச் சோதனைக்காகத் தளர்த்தினேன். இரண்டும் சாதாரண விசையில் ஒலியின்றிக் கழன்றன. மரையில் பசை இருந்தது. கேஸ்கெட்டைச் சுற்றிக் கரிப்புகைத் தடம் இல்லை. பின் போல்ட்டின் தலையில் மட்டும் புதுத் துரு தென்பட்டது. குழாயின் நுனி பிடியிலிருந்து விலகி உள்பக்கம் திரும்பியிருந்ததுதான் காரணம். போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து மாட்டி, குழாயை நம்பர் பிளேட் தாங்கியோடு கிளிப் போட்டுக் கட்டினோம்.